மலைமேற் பிள்ளைகளும் மலையடிவாரத்துக் கலாசாலைகளும்

அகத்தியர் பெயரால் வழங்கும் கொடுமுடிக்கு மேற்கிலிருந்து ஏறுவோர் போனக்காட்டிலிருந்தே நடையைத் தொடங்குகின்றனர். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்முடியின்மீது 1855-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது என்பது அம்மலையில் வாழ்வோரிற் பலருக்கே புதிய செய்தியாக இருக்கலாம். திருவிதாங்கூர் மன்னரின் வானாராய்ச்சி நிலையத்துக்கு 1852-இல் தலைவராக வந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காத்லாந்து விஞ்ஞானி. காந்த ஊசியின் போக்கு தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் எவ்வாறு வேறுபடுகிறது என்று அறியும் பொருட்டு, திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் அளவுகள் எடுக்க அவர் ஏற்பாடு செய்தார். அவ்வளவுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. பூகாந்த நடுக்கோட்டின் அண்மையே அந்நாளில் திருவனந்தபுரத்துக்கு விஞ்ஞான உலகில் பெருமை தந்தது. 1963-ஆம் ஆண்டில் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் அந்த அண்மையே காரணம். பிரௌனின் கருவிகளை மலையுச்சிக்குக் கொண்டு சேர்த்தவை மனிதர் தோள்களாகவே இருந்திருக்க வேண்டும். அத்தோள்களுக்கு உரியவரின் பெயர்கள் நூல்களில் விளங்குவதில்லை.

இன்று விஞ்ஞானம் மலையுச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. போனக்காட்டிலிருந்து வளைந்திறங்கும் பாதை விதுராவை அடைகிறது. அங்கு 2008-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தோற்றுவித்த இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையம் குன்றுச் சரிவில் பரந்து கிடக்கிறது. ‘ஐசர்’ என்று மக்கள் அதனைச் சுருக்கி வழங்குவர். இன்னும் இறங்கி நெடுமங்காட்டை நெருங்கினால், வலியமலையில் விண்வெளித் துறையினரின் விஞ்ஞான தொழில் நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. 2007-இல் தும்பாவில் தொடங்கிய அது 2010-இல் இவ்விடத்துக்கு வந்தது. பாலோட்டில் 1979-இல் நிறுவிய வெப்ப மண்டலத் தாவரத் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் உள. நெடுமங்காட்டிலேயே ராஜ்ய அரசாங்கக் கல்லூரி ஒன்றும் உண்டு. இந்நாட்டின் எத்தனையோ மலைத் தாலுக்காக்களுக்கு வாய்க்காத அருஞ்செல்வம் இது.

ஆயினும், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது, இவற்றுள் எதன் கதவு எவ்வாறு திறக்கும், யாரிடம் திறவுகோல் உள்ளது என்பதை அவளுக்கு எடுத்துரைப்பார் அரியர். இதனை அவளுடைய அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. இந்நாட்டின் உயர் கல்வி அமைப்பே அவ்வாறு அமைந்துள்ளது என்பதும், அமைப்பை அறிந்தாலன்றி அதன் குறையைக் களைய வழியில்லை என்பதும் இங்கு எடுத்துக்காட்டத் தக்கவை.

இவ்வமைப்பின் வேர் 1857-இல் இருக்கிறது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் அவ்வாண்டு தோன்றிய பல்கலைக் கழகங்கள் லண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றி அமைந்தவை. அவை கற்பிக்கவில்லை, பாடத் திட்டம் வகுத்தன, பரீட்சை நடத்தின, பட்டம் வழங்கின. கற்பித்தவை கல்லூரிகளே. இவ்வுறவுக்கு ‘இணைப்பு’ என்று பெயர். திருவனந்தபுரத்தில் 1834-இல் மன்னரின் இலவசப் பள்ளியாகத் தோன்றி, 1866-இல் கல்லூரியான நிலையம் மதராஸ் பல்கலைக் கழகத்தோடு இணைந்தே பல தலைமுறை பட்டதாரிகளை உருவாக்கிற்று. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் தோன்றிய பின் அக்கல்லூரி அதன்கீழ் வந்தது. அப்பல்கலைக் கழகமே 1957-இல் கேரளப் பல்கலைக் கழகம் எனப் பெயர் மாறியது. அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் அங்குத் தமிழ்த் துறை தோன்றியதும், பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை 1950-களின் முற்பகுதியில் அத்துறையை அணிசெய்ததும், எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள தமிழ் ஆசிரியர் நினைவில் கொள்ளத் தக்க செய்திகள்.

இணைப்பு முறையைப் பற்றி நல்லெண்ணத்தோடு பேசியோர் சிலரே. 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த சாட்லர் குழுவினர் அதனைக் குறை கூறினர். கற்பித்தலையும் உறைவிடத்தையும் ஓரிடத்தில் கொண்ட பல்கலைக் கழகங்கள் வேண்டும் என்பது அன்று எழுந்த கருத்து. 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அவ்வகையைச் சேர்ந்தது. 1948-49-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் கூடிய குழுவில் லட்சுமணசாமி முதலியாரும் மேகநாத சாஹாவும் அங்கத்தினராயிருந்தனர். அவர்களும் சீர்திருத்தத்தை வற்புறுத்தினர். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ பதினைந்து ஆண்டுகளில் இணைப்பு முறையைப் படிப்படியாக நீக்கிவிட வேண்டும் என்று கூறிற்று. ஒரு நூற்றாண்டாக நீக்கப்பட வேண்டியதாகக் கருதப்பட்டுவரும் ஒன்று, ஒரு நூற்றாண்டாக வளர்ந்துகொண்டும் வருகிறது. இதில் வியப்பில்லை. மலையடிவாரத்துச் சிற்றூரில் ஒரு கல்லூரியைத் திறக்க, அதனைவிட மலிவான வழி எவருக்கும் தோன்றவில்லை.

சுதந்திரத்தின்போது நாட்டில் சுமார் 20 பல்கலைக் கழகங்களும் 500 கல்லூரிகளும் இருந்தன. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர் கல்விக் கணக்கெடுப்பின்படி, பல்கலைக் கழகங்களும் அவற்றையொத்த நிலையங்களும் 1,168; கல்லூரிகள் 45,473; மாணவர் 4.33 கோடி. பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டோர் தொகையோடு ஒப்பிட, நாடு முழுவதிலும் நூற்றுக்கு 28.4 பேரும், கேரளத்தில் 41.3 பேரும், தமிழ்நாட்டில் 47 பேரும் உயர் கல்வியில் சேர்ந்திருந்தனர். போனக்காடு போன்ற ஊர்களுக்குத் தனிக் கணக்கு இல்லை. இருந்தால் அது கேரளத்தின் சராசரியோடு ஒத்திருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இனி, அதிகாரம் எங்கே உள்ளது என்பதைக் காண்போம். அரசியல் சட்டம் கல்வியை முதலில் ராஜ்யங்களின் பட்டியலில் வைத்தது. பல்கலைக் கழகங்களை நிறுவும் உரிமை இன்றும் அப்பட்டியலின் 32-ஆம் பதிவில் உள்ளது. ஆனால் உயர் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதும் ஒருங்கிணைப்பதும் மத்தியப் பட்டியலின் 66-ஆம் பதிவுப்படி நாடாளுமன்றத்துக்கு உரியவை. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. எனவே ஒரே கல்லூரியில் கட்டடமும் சம்பளமும் ஓர் அரசாங்கத்தின் பொறுப்பு. தரம் மற்றோர் அரசாங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்காரர் ஒருவர், அடுப்பங்கரைக்கு விதி வகுப்பவர் வேறொருவர் என்றால் விருந்தினர் பாடு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தரத்தைக் காக்கும் பணி பல்கலைக் கழக மானியக் குழுவிடம் உள்ளது. மௌலானா ஆசாத் 1953 டிசம்பரில் தொடங்கி வைத்த அக்குழு 1956-இல் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. ‘பட்டம்’ என்ற சொல்லுக்கு வேலி கட்டுவது அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு. மத்தியச் சட்டத்தாலோ ராஜ்யச் சட்டத்தாலோ தோன்றிய பல்கலைக் கழகம், 3-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நிகர்நிலை நிறுவனம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். ‘டிகிரி’ என்று விளம்பரம் செய்து தோட்டப் புறங்களுக்கு வந்து பணம் பறிக்கும் நிலையங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டிய ஆசிரியர், இவ்வொரு பிரிவை மனத்தில் இருத்தினால் போதும்: எந்தச் சட்டத்தின்கீழ் நீவிர் பட்டம் தருகிறீர் என்று கேட்க வேண்டியதே.

இவ்விதிகளின் வெளிச்சத்தில் மலைப் பாதையில் மீண்டும் இறங்கிப் பார்த்தால் காட்சி தெளிவாகிறது. விதுராவிலுள்ள ‘ஐசர்’ மத்தியக் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்தது. நாட்டிலுள்ள ஏழு ‘ஐசர்’களில் ஒன்றான அதற்கு, 2012-இல் திருத்தப்பட்ட நாடாளுமன்றச் சட்டம் தேசிய முக்கியத்துவம் அளித்துப் பட்டம் வழங்கும் உரிமையையும் தந்தது. மானியக் குழுவின் பொதுவான மேற்பார்வைக்கு அது உட்பட்டதன்று. வலியமலை நிலையமோ விண்வெளித் துறையைச் சார்ந்த நிகர்நிலைப் பல்கலைக் கழகம். டாக்டர் அப்துல் கலாம் அதன் முதல் வேந்தராயிருந்தார். பாலோட்டுத் தாவரத் தோட்டம் ராஜ்யத்தின் விஞ்ஞானக் கவுன்சிலைச் சேர்ந்தது. நெடுமங்காட்டுக் கல்லூரியின் ஆசிரியருக்குச் சம்பளம் ராஜ்ய அரசாங்கம் தருகிறது. பாடமும் பரீட்சையும் கேரளப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தவை. ஆசிரியரின் தகுதியை மானியக் குழு வகுக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடுவதோ 1994 முதல் பெங்களூரில் இயங்கும் தேசிய மதிப்பீட்டுக் கவுன்சில். தொழிற் கல்வியை நாடினால் வேறு கதவுகள். பொறியியலுக்கு 2014-இலும் மருத்துவத்துக்கு 2010-இலும் தனிப் பல்கலைக் கழகங்கள் கேரளத்தில் தோன்றின. விவசாயத்துக்கு வெள்ளாயணிக் கல்லூரியை உள்ளடக்கிய வேளாண்மைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. இவற்றுக்கு மேலே அகில இந்தியத் தொழில் நுட்பக் கல்விக் கவுன்சிலும், தேசிய மருத்துவ ஆணையமும், விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலும் உள. ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இத்தனை ஆட்சிகள்!

ஆட்சிகள் பலவாயிருத்தல் தன்னளவில் குற்றமன்று. விண்வெளித் துறைக்கு வேண்டிய பொறியியலாளரை அத்துறையே பயிற்றுதலும், தாவர ஆராய்ச்சியை மலையடிவாரத்தில் வைத்தலும் அறிவுடைமையே. குற்றம் எங்கு நேர்கிறது எனில், இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் படிகள் இல்லாமையில் நேர்கிறது. பெரும்பாலான மாணவர் படிப்பது ராஜ்யப் பல்கலைக் கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும். மத்திய அரசாங்கத்தின் உயர் கல்விப் பணத்தில் பெரும் பங்கு செல்வதோ மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கும் தேசிய நிலையங்களுக்கும். நெடுமங்காட்டில் இளநிலைப் பௌதிகம் படிக்கும் மாணவனும் விதுராவில் ஐந்தாண்டு விஞ்ஞானப் படிப்பில் சேர்ந்த மாணவனும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்யலாம். ஒருவனுடைய சோதனைச் சாலை மற்றொருவனுக்குத் திறப்பதற்கு எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை.

இந்நிலை தானாக விளைந்ததன்று. 1942-இல் தோன்றிய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும், 1945-இல் ஹோமி பாபா தோற்றுவித்த அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஆராய்ச்சியைப் பல்கலைக் கழகத்துக்கு வெளியே தனி நிலையங்களில் வளர்க்கும் வழியைக் காட்டின. சிறந்த ஆராய்ச்சி பல்கலைக் கழகங்களிலேயே வேர்விட வேண்டும் என்று மேகநாத சாஹா வாதாடினார், அவ்வாதம் வெல்லவில்லை. டாக்டர் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கல்விக் குழு, இருக்கும் பல்கலைக் கழகங்களிலேயே சுமார் ஆறினைத் தேர்ந்து உலகத் தரத்துக்கு உயர்த்தலாம் என்றது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு செலவிட வேண்டும் என்றும் அக்குழுவே கூறிற்று. அவ்விரு யோசனைகளும் அவர்கள் எழுதியபடி நிறைவேறவில்லை. புதிய நிலையங்களைக் கட்டுவது பழையவற்றைத் திருத்துவதைவிட எளிதாகத் தோன்றியது, அவ்வழியே வழக்கமாயிற்று.

சிறந்தோர் சிலருக்குச் சிறந்த நிலையங்கள் வேண்டாவோ என்று கேட்போர் உண்டு. வேண்டும் என்பதில் ஐயமில்லை. பாபா தோற்றுவித்த நிலையமும் இந்தியத் தொழில் நுட்பக் கழகங்களும் நாட்டுக்கு அளித்த பயன் பெரிது. ஆனால் உச்சியிலுள்ள நிலையமும் ஊர்க் கல்லூரியும் ஒரே திட்டத்தில் அடங்கலாம் என்பதற்கு உலகில் சான்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யம் 1960-இல் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி மாணவருள் முதல் எட்டில் ஒரு பங்கினர் ஆராய்ச்சிப் பல்கலைக் கழகத்திலும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் ராஜ்யக் கல்லூரிகளிலும் இடம் பெறலாம். ஏனையோர் அனைவருக்கும் ஊர்தோறும் உள்ள ஈராண்டுக் கல்லூரி திறந்திருக்கும். அத்திட்டத்தின் உயிர்நாடி பங்கீட்டில் இல்லை. ஈராண்டுக் கல்லூரியில் நன்கு தேறியவர், மூன்றாம் ஆண்டில் ஆராய்ச்சிப் பல்கலைக் கழகத்துக்குள் நுழையலாம் என்ற உறுதியில் அது இருக்கிறது. பதினேழு வயதில் ஒரு நாட் காலையில் எழுதிய பரீட்சை அங்கு ஒருவனுடைய வாழ்வை முடிவு கட்டிவிடவில்லை.

இன்னும் அண்மையில், இலங்கையைக் காணலாம். அங்குப் பல்கலைக் கழக நுழைவு உயர்தரப் பரீட்சையைப் பொறுத்தது. அப்பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய தகுதிப்படியும், 55 இடங்கள் மாவட்ட ஜனத்தொகைப்படியும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 1970-களில் இம்முறை புகுத்தப்பட்ட விதம் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியும் அதன் விளைவுகளும் மறக்கற்பாலன அல்ல. எனினும் மலையகப் பிள்ளை ஒருவன் எங்கே பிறந்தான் என்பதை அங்குள்ள நுழைவுக் கணக்கு ஓரளவேனும் அறிகிறது. போனக்காட்டுப் பிள்ளைக்கோ திருவனந்தபுரம் மாவட்டமே முகவரி. நகரத்துப் பிள்ளையும் அவளும் ஒரே கணக்கில் வருகின்றனர்.

அவள் முகவரியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். எல்லாச் சிக்கலும் அங்கேதான் முடிச்சிடுகின்றன. தென் கேரள மலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தனர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ராஜ்யத்தில் இருந்தவை. அந்நாளுக்கு முன் கல்குளத்திலிருந்து மலையேறிய குடும்பம் எந்த எல்லையையும் கடக்கவில்லை. பின்னர் எல்லைதான் அதனைக் கடந்து சென்றது. குடும்பம் வசிக்கும் லயம் தோட்டத்துக்கு உரியது. நில வரி ரசீதோ பத்திரமோ அவர்கள் கையில் இல்லை. தோட்டமும் பல ஆண்டுகளாக நலிந்து, தொழிற்சாலை ஓய்ந்து, கூலி நிலுவை பேச்சாகவே நின்றுவிட்ட நிலை செய்தித் தாள்களில் பன்முறை வந்துள்ளது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேற்பட்டால் கல்வி வசதி செய்யவேண்டும் என்று விதித்தது. பன்னிரண்டு வயதோடு சட்டத்தின் கவலை தீர்ந்துபோயிற்று. தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தும் அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது.

பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் பிறந்தது. அது ராஜ்யவாரியாக அமைந்தது. அந்நாளில் குடும்பம் எங்கு நிலையாக வசித்ததோ அந்த ராஜ்யத்தின் சான்றே அதற்கு உரியது. பின்னர்க் குடிபெயர்ந்தவர், புதிய ராஜ்யத்தின் பட்டியலிலும் அதே சாதிப் பெயர் இருந்தபோதிலும், அங்குள்ள ஒதுக்கீட்டைப் பெறார் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆனால் பூர்வீக ராஜ்யத்தின் அடிப்படையில் பெற்ற சான்று மத்திய நிலையங்களில் செல்லும். இதன் விளைவு விந்தையானது. ஒரே பிள்ளை நெடுமங்காட்டு அரசாங்கக் கல்லூரியில் ஒதுக்கீட்டுக்கு உரியவளல்லள் எனவும், விதுராவிலுள்ள மத்திய நிலையத்தில் உரியவள் எனவும் ஆகக்கூடும். இதனை அறியாத பெற்றோர், தாலுக்கா அலுவலகத்தில் ஒருமுறை ‘இல்லை’ என்று கேட்டதும் எல்லாக் கதவும் மூடியதாக எண்ணித் திரும்பிவிடுகின்றனர். 1950-க்கு முன்னரே குடும்பம் தோட்டத்தில் இருந்தது என்று காட்ட முடிந்தால் கேரளத்துச் சான்றே கிடைக்கலாம். அதற்குப் பாட்டனாரின் பெயர் ஏறிய பழைய செக்ரோல், சேமநிதிப் பதிவு, கோயில் அல்லது மாதா கோவில் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவை துணை செய்யும். தோட்ட அலுவலகம் மூடப்பட்டுக் காகிதங்கள் மழையில் நனையும் நாளில், அந்தச் செக்ரோல் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் என்பதை எவர் நினைக்கிறார்?

பிள்ளையைத் தென்காசியிலோ நாகர்கோவிலிலோ உறவினர் வீட்டில் விட்டுத் தமிழ்வழியில் படிக்க வைப்போர் உண்டு. அது இயல்பான ஆசை. ஆனால் கேரளத்தின் தொழிற் படிப்பு நுழைவுக்குக் கேரளப் பிறப்பையும் வாசத்தையும் பற்றிய சான்றுகள் கேட்கப்படும். மறுபக்கம், தமிழ்நாட்டில் அரசாங்கப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020-லும் ஏனைய தொழிற் படிப்புகளில் 2021-லும் அளிக்கப்பட்ட நூற்றுக்கு 7.5 ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்த ராஜ்யத்துப் பள்ளிகளிற் படித்தோர்க்கே உரியது. எட்டாம் வகுப்பு வரை விதுராவிலும் பின்னர் நாகர்கோவிலிலும் படித்த பிள்ளை, ஒரு ராஜ்யத்தின் சலுகையை இழந்து, மற்றதன் சலுகையையும் பெறாமற் போகிறாள். எந்த வகுப்பில் பள்ளியை மாற்றுவது என்பது சில்லறைக் குடும்ப விஷயமாகத் தோன்றும். உண்மையில் அதுவே உயர் கல்வியின் முதற் பரீட்சை.

மொழியும் இத்தகைய சுவரே. பொறியியல் நுழைவுக்கான முதனிலைப் பரீட்சை 2021 முதல் தமிழும் மலையாளமும் உள்ளிட்ட பதின்மூன்று மொழிகளில் நடைபெறுகிறது. அடுத்த நிலையான மேனிலைப் பரீட்சையோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. வலியமலை நிலையத்தின் இளநிலைப் படிப்புகளுக்கு அம்மேனிலைப் பரீட்சையே வாயில். முதற் படியில் தாய்மொழியை அனுமதித்து இரண்டாம் படியில் பறித்துவிடுவது என்ன நியாயம் என்று கேட்பதற்குக் கல்வி நிபுணராக இருக்க வேண்டுவதில்லை.

செய்யத் தக்கது என்ன? மத்திய நிலையங்கள் தம்மைச் சூழ்ந்துள்ள இணைப்புக் கல்லூரிகளுக்குத் தம் சோதனைச் சாலைகளையும் நூலகத்தையும் ஆண்டில் சில வாரங்களேனும் திறந்து வைப்பதை, தயவாகக் கருதாமல் கடமையாகக் கருத வேண்டும். அவற்றின் மானியத்தில் ஒரு சிறு பங்கை இப்பணியோடு பிணைத்துவிட்டால் கடமை தானே நினைவுக்கு வரும். ஊர்க் கல்லூரியில் ஈராண்டு சிறப்புறத் தேறியவருக்கு மூன்றாம் ஆண்டில் சில இடங்களை ஒதுக்குவது இரண்டாவது. இதற்குரிய கருவி ஓரளவு ஆயத்தமாகவே உள்ளது. 2021-இல் மானியக் குழு ஏற்படுத்திய கல்வி மதிப்பெண் வங்கி, ஒரு நிலையத்தில் ஈட்டிய மதிப்பை மற்றொன்றுக்கு மாற்ற வழி செய்கிறது. வங்கி இருந்தால் மட்டும் போதாது. பெற்றுக்கொள்ளும் நிலையம் அக்காசைச் செல்லும் காசாக ஏற்க வேண்டும். பெரிய நிலையங்கள் சிறிய கல்லூரிகளின் நாணயத்தை இன்னும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பரீட்சை மொழி மூன்றாவது. முதனிலையில் அச்சாகும் வினாக்கள் மேனிலையிலும் அதே மொழிகளில் அச்சாகலாம். மொழிபெயர்ப்புத் தவறு நேரும் என்னும் அச்சத்துக்கு, நல்ல மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதே மருந்து.

இவை மேலிடத்தில் முடிவாக வேண்டியவை; காலம் பிடிக்கும். அதுவரை மலைமேல் வேலை செய்யும் ஆசிரியரும், சுகாதாரம், வனம், விவசாயம் ஆகிய துறைகளின் களப் பணியாளரும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. சாதிச் சான்று, வாசச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்கான முயற்சி பன்னிரண்டாம் வகுப்பின் முடிவு வெளிவந்த வாரத்தில் தொடங்குவதே பெருவழக்கம். அந்த வாரத்தில் தாலுக்கா அலுவலகத்தில் நிற்க இடமிராது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கினால், பாட்டனாரின் பதிவைத் தேடவும், ஒரு முறை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யவும் காலம் இருக்கும். மலைக்குச் செல்லும் பஸ்கள் சிலவே. ஒரு சான்றுக்காக ஒரு நாட் கூலி போகும். ஆகவே கிராம அலுவலரை ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்துக்கே அழைத்து, பெரட்டுக் களத்தில் மேசை போடச் செய்வது பெருஞ்செலவில்லாத காரியம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புவோர்க்கு 1985-இல் தோன்றிய இந்திராகாந்தி திறந்தவெளிப் பல்கலைக் கழகமும், 2020-இல் கொல்லத்தில் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு திறந்தவெளிப் பல்கலைக் கழகமும் உண்டு என்பதையும் அன்றே கூறிவிடலாம்.

‘ஐசர்’ வளாகத்தைப் பள்ளி மாணவருக்குச் சுற்றிக் காட்ட அனுமதி கேட்டு எழுதுவது ஓர் அஞ்சலட்டை விஷயம். மலைமேற் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்கு ஆராய்ச்சி செய்யும் தமிழ் பேசும் மாணவர் எவரேனும் இருந்தால் அவரோடு அரை மணி நேரம் உரையாட விடலாம். பிரௌன் காந்த ஊசியைக் கொண்டு சென்ற மலை தங்கள் வீட்டுக்குப் பின்புறம் உள்ளதுதான் என்பதை அங்கு அவர்களே சொல்லட்டும்.